ஆம்பர் கிடைத்தால் பாக்கெட்டில் போடாதீர்கள்

ஜெர்மனியின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில், குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் நடந்து பாருங்கள். ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசிக்கும் சுள்ளிகளுக்கும் நடுவே தேன் நிறத்தில் ஏதாவது மின்னும். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரப்பிசின் இறுகி உருவான ஆம்பராக இருக்கலாம். எடுத்தால் கல்லைப் போலக் கனக்காது, சில்லென்றும் இருக்காது.

ஆசையில் பாக்கெட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் குண்டுகளில் இருந்த வெள்ளைப் பாஸ்பரஸும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். உசெடோம் தீவுப் பக்கம் இன்னும் கரை ஒதுங்குகிறது. ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்து உடல் சூடு பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும். வெப்பம் 1,300 டிகிரி வரை போகும். தண்ணீர் ஊற்றி அணைத்தாலும், காய்ந்ததும் மறுபடி எரியும்.

அதனால் ஒரு தகர டப்பா எடுத்துப் போங்கள். அது ஒரு நாள் வீட்டுக்கு வெளியிலேயே இருக்கட்டும், கல் நன்றாகக் காயட்டும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் போட்டால் ஆம்பர் மிதக்கும். மூழ்கினால், பெரும்பாலும் பீர் பாட்டில் துண்டுதான்.