லேப்டாப் திடீரென்று லாகின் திரைக்குப் போகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வேலை மும்முரமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று மாறி, உங்கள் பெயரும் பாஸ்வேர்டு கட்டமும் வந்து நிற்கும். "லேப்டாப் தானா ரீஸ்டார்ட் ஆயிடுச்சு" என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். பெங்களூரில் இருந்தால் அடுத்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு, அதற்கடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடும் ஃபார்மட். இதில் முதல் வாக்கியமே பல நேரம் தப்பு. லேப்டாப் வெறுமனே லாக் ஆகியிருக்கலாம், ஸ்லீப்புக்குப் போய்த் திரும்பியிருக்கலாம், உங்கள் கணக்கு மட்டும் லாக்-அவுட் ஆகியிருக்கலாம், அல்லது நிஜமாகவே ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வருவது ஒரே திரைதான். எது நடந்தது என்று பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

பார்ப்பது சுலபம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்கள். திறந்து வைத்தவை எல்லாம் அப்படியே இருந்தால் அது லாக் அல்லது ஸ்லீப். எல்லாம் மூடிக் கிடந்தால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வின் கீழே உள்ள 'அப் டைம்' எண்ணைப் பாருங்கள். அது சில நிமிடங்களையே காட்டினால் ரீஸ்டார்ட். மணிக்கணக்கில் ஓடியிருந்தால் வெறும் லாக்-அவுட். ரீஸ்டார்ட் ஆன பிறகும் விண்டோஸ் சில சமயம் பழைய பிரவுசர் ஜன்னலைத் தானே திறந்து வைக்கும். அதனால் ஜன்னலை மட்டும் நம்ப வேண்டாம்.

வெறும் லாக் அல்லது ஸ்லீப்தான் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் இங்கேதான் பலர் தேவையில்லாமல் டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை) அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். முதலில் செல்போனைப் பாருங்கள். பிஜி (பேயிங் கெஸ்ட்) அறையில் கட்டில்மேல் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு போன் வைக்க வேறு இடம் இருக்காது. டச்பேடுக்குப் பக்கத்தில், கை வைக்கும் இடத்திலேயே வைத்துவிடுவார்கள். போன் கவரில் காந்தம் இருந்தால் வந்தது வினை. பல லேப்டாப்கள் மூடி மூடப்பட்டதை ஒரு காந்த உணரியால்தான் தெரிந்துகொள்கின்றன. கவரின் காந்தம் அதன்மேல் பட்டதும் மூடியை மூடிவிட்டதாக நினைத்து லேப்டாப் தூங்கப் போய்விடும். போனைத் தள்ளி வைத்துப் பாருங்கள். ஒரு லேப்டாப்பின்மேல் இன்னொன்றை அடுக்கி வைத்தாலும் இதே கதைதான்.

விண்டோஸில் 'டைனமிக் லாக்' என்று ஒரு வசதி உண்டு. அதை எப்போதோ ஆன் செய்து மறந்திருந்தால், புளூடூத்தில் இணைத்த போன் எட்டத்தில் போனதும் லேப்டாப் லாக் ஆகிவிடும். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போதெல்லாம் லாக் ஆனால் இதைச் சந்தேகியுங்கள். மேக்கில், சும்மா இருந்தால் சில நிமிடங்களில் லாக்-அவுட் செய்யும் ஒரு செட்டிங் பிரைவசி பகுதியின் உள்ளே ஒளிந்திருக்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால் கதை வேறு. எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ எந்தக் கம்பெனியாக இருந்தாலும், சும்மா இருந்தால் இத்தனை நிமிடத்தில் லாக் ஆக வேண்டும் என்ற விதியை ஐடி ஆட்கள்தான் போட்டிருப்பார்கள். அதை ஏமாற்ற மவுஸைத் தானாக அசைக்கும் மென்பொருளை இறக்கிப் போடுவது வேலைக்கே உலை வைக்கும். எத்தனை மணிக்கு நடந்தது என்று குறித்து ஐடி டெஸ்க்கில் ஒரு டிக்கெட் போடுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது இன்னொன்று. பாஸ்வேர்டு போட்டதும் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி லாகின் திரையே வரும். பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து அதை மாற்றுவதில் மணிக்கணக்காக மெனக்கெடுவது பெரிய தவறு. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் தப்பு என்றே சொல்லும். இங்கே அது சரி. அதற்கடுத்து வர வேண்டிய டெஸ்க்டாப் திரைதான் கிளம்ப முடியாமல் விழுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் வரும் திரை கிடைக்கும். அதில் அதே பாஸ்வேர்டோடு உள்ளே போக முடிந்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் டிஸ்கில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்கர் என்ற மென்பொருளின் பெரிய படிமக் கோப்புகளும், நடந்ததைக் குறித்து வைக்கும் பதிவுக் கோப்புகளும் சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டால், டெஸ்க்டாப் தனக்கு வேண்டிய சின்னக் கோப்பைக்கூட எழுத முடியாது. இடம் இருந்தால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'எக்ஸ்-அதாரிட்டி' (.Xauthority) என்ற மறைந்த கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஜன்னலோடு திறக்கும் மென்பொருளை சூடோ (நிர்வாகி அதிகாரம் தரும் கட்டளை) போட்டு ஓட்டினால் அந்தக் கோப்பு சில சமயம் ரூட், அதாவது நிர்வாகி, பெயருக்கு மாறிவிடும். உங்கள் பெயருக்குத் திருப்பினால் போதும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடப்பதுதான்.

நிஜமாகவே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் நடந்தவற்றைப் பதிவு செய்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறப்பீர்கள். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் இருக்கலாம். 'பவர்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு புது சார்ஜர் வாங்க ஓடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதைத்தான் அந்த 41 சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதே நேரத்துக்கு 1074 என்ற பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த மென்பொருள் ரீஸ்டார்ட் கேட்டது என்று அதில் பெயரோடு இருக்கும். விண்டோஸ் அப்டேட்டாகவே இருக்கலாம். அப்படி இல்லையென்றால் விண்டோஸிலேயே உள்ள ரிலையபிலிட்டி மானிட்டரில் நாள்வாரியாக என்னென்ன விழுந்தது என்று பாருங்கள். கூடவே விண்டோஸிலேயே உள்ள மெமரி சோதனையையும் ஒரு ராத்திரி ஓட விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் எஸ்.பி. ரோட்டுக்குப் போகலாம். ஆனால் போகும் முன் இரண்டு வேலை. கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வீட்டிலேயே வையுங்கள். இப்போது பல லேப்டாப்களில் பிட்லாக்கர் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கிறது. எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடையில் பயாஸை (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளை) மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அந்த எண்ணைக் கேட்கும். கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் சான்றிதழ்களும் போனதுதான். கடைக்காரரிடம் "ஃபார்மட் போட்டுக் குடுங்க" என்று ஆரம்பிக்காமல், எப்போது நடக்கிறது, சார்ஜர் மாட்டியிருந்ததா, அப்போது என்ன திறந்திருந்தது, ஈவென்ட் வியூவரில் எந்த எண் வந்தது, இதையெல்லாம் சொல்லுங்கள்.