வன்னியில் வேலை பார்த்துக்கொண்டே பொறியியல் முதுமாணி படிப்பது எப்படி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கும் அறிவியல் நகரில் பொறியியல் முடித்துவிட்டு கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பது, "அக்கா, எம்.எஸ்சி. எங்கே செய்யலாம்?" என்றுதான். எங்கே என்பதைப் பிறகு பார்க்கலாம். எதைப் பற்றி என்று முதலில் முடிவெடுங்கள். உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஒரு கேள்வி இருக்கும். விண்ணப்பம் நிரப்ப முன்னரே அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

என் கேள்வி 2018 டிசம்பர் வெள்ளத்தில் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள், அதாவது மிகை நீரை வெளியே விடும் கதவுகள், திறந்திருந்த நேரம். கீழே தாழ்நிலத்தில் இருந்தவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள், "இன்னும் எவ்வளவு தண்ணீர் வரும், எப்போது வரும்?" கனகராயன் ஆற்றுப் படுகையில் மேலே பெய்யும் மழை எத்தனை மணித்தியாலத்தில் குளத்துக்கு வந்து சேரும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விதான் பின்னர் என் ஆய்வுத் தலைப்பு ஆனது. வார இறுதி வகுப்பு வசதியாக இருந்ததால் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மொறட்டுவையிலும் வேலை செய்பவர்களுக்கு ஏற்ற பகுதிநேரக் கற்கைகள் இருக்கின்றன.

விளம்பரத்தில் 'முதுமாணி' என்று இருந்தால் மட்டும் போதாது, மட்டத்தைப் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் என்றால் பாடங்கள் மட்டும், 30 கிரெடிட். 10ஆம் மட்டத்தில் ஆய்வும் சேர்ந்து 60 கிரெடிட். பின்னாளில் கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியால உழைப்பு என்பது கணக்கு. 30 கிரெடிட்டுக்கே 1500 மணித்தியாலம் வருகிறது. இரண்டு வருடத்தில் பிரித்தால் கிழமைக்குப் பதினான்கு, பதினைந்து மணித்தியாலம். அதை எந்த நாளில், எந்த நேரத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று வீட்டாருடன் உட்கார்ந்து கதைத்த பிறகே பணம் கட்டுங்கள். நான் எடுத்தது விடியற்காலை நாலு முதல் ஆறு வரை. வெள்ளி இரவு கண்டி பஸ் ஏறினால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை என்று ஏ9 வீதியிலேயே போய் இறங்கலாம். பஸ்ஸில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நித்திரை கொள்ளுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு அதுதான் உதவும்.

மேற்பார்வையாளரைச் சந்திக்கப் போகும்போது "நீர் முகாமைத்துவத்தில் ஏதாவது செய்ய விருப்பம், சேர்" என்று நிற்க வேண்டாம். ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். கேள்வி என்ன, இடம் எது, கையில் உள்ள தரவு எது, இல்லாதது எது. நாலாவதை மறைக்காமல் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் அவர் உங்களுக்கு வழி சொல்ல முடியும்.

காலத்தையும் யோசியுங்கள். எங்களுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான். ஆற்றில் அளவெடுக்க வேண்டிய ஆய்வென்றால் செப்டெம்பருக்குள் அளவுகோல்கள் நட்டு முடித்திருக்க வேண்டும். ஒரு மாரியைத் தவறவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

இனித் தரவு. வன்னியில் ஆய்வு செய்பவருக்கு உண்மையான வேலை இங்கேதான். போர்க்காலத்து மழைப் பதிவுகளில் மாதக்கணக்கில் வெற்றுக் கட்டங்கள் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றும்போது பூச்சியம் போட்டுவிடாதீர்கள். பூச்சியம் என்றால் அன்று மழை இல்லை. வெற்றிடம் என்றால் அன்று அளக்க ஆள் இல்லை, சில வேளை ஊரே இல்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டால் உங்கள் சராசரி முழுவதும் பொய். அயல் மழைமானிகளோடு ஒப்பிட்டு, இரட்டைத் திரள் வளைகோடு (இரு பக்க மழையையும் வருடாவருடம் கூட்டிக்கொண்டே போய் ஒன்றுக்கெதிரே ஒன்றாகப் போடும் கோடு) வரைந்து, எந்த வருடத்தில் கோடு முறிகிறது என்று பாருங்கள். சிர்ப்ஸ் என்னும் செய்மதி மழைத் தரவு 1981இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் அப்படியே நம்பாமல், நல்ல பதிவு உள்ள வருடங்களில் வைத்துச் சரிபார்த்த பிறகே இடைவெளிக்குப் பயன்படுத்துங்கள்.

நிலமட்டத்துக்கு எல்லோரும் எடுப்பது எஸ்ஆர்டிஎம் தரவு. அது 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்தது. ராடார் தண்ணீருக்கு அடியில் பார்க்காது. மாரி முடிந்த கையோடு அளந்ததால் குளங்களின் இடத்தில் தட்டையான நீர்ப்பரப்புதான் தெரியும், அடி தெரியாது. அடர்காட்டில் மரத்தின் உயரமும் நிலத்தோடு சேர்ந்துவிடும். குளத்தின் கொள்ளளவுக்குப் பழைய சமவுயரக் கோட்டுப் படங்களைத் தேடுங்கள், இல்லாவிட்டால் கோடையில் இறங்கி அளவெடுங்கள்.

நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறேன். படுகையில் உள்ள சிறு குளம் ஒன்றின் நீர்மட்டப் பதிவேடு கிடைத்தது. எல்லாம் அடிக்கணக்கு. ஓர் ஏக்கர்-அடி சுமார் 1233 கன மீற்றர், ஒரு கியுசெக் செக்கனுக்கு 0.0283 கன மீற்றர் என்று கவனமாக மாற்றினேன். ஆனால் அளவுகோலின் பூச்சியம் குளத்தின் அடி என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். மூன்று கிழமைக் கணக்குக்குப் பிறகும் கொள்ளளவு குறைவாகவே வந்தது. கடைசியில் குளக்கட்டுக்கே போனேன். துருசு (குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு) திறக்கிற பெரியவர் கோலை மண்வெட்டிப் பிடியால் தட்டிக் காட்டினார். "பிள்ளை, இது துருசின்ரை படியிலை இருந்து தொடங்குது. அதுக்குக் கீழை கிடக்கிறது கணக்கிலை இல்லை, அது மாடு குடிக்கிற தண்ணி." பாடத்தில் நாங்கள் 'உயிரற்ற கொள்ளளவு' என்று படித்தது அதைத்தான். பூச்சியம் எங்கே என்று கேட்காமல் எந்த அளவுகோலையும் வாசிக்காதீர்கள். கோலையும் படியையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். மழையிலிருந்து ஆற்று நீரோட்டத்தைக் கணிக்கும் மாதிரிக்கு எச்ஈசி-எச்எம்எஸ், வரைபட வேலைக்கு கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம். பழைய மடிக்கணினியிலும் என் வேலை ஓடியது. கையிலுள்ள வெள்ளப் பதிவுகள் எல்லாவற்றையும் அந்த மாதிரியைச் சரிக்கட்டப் பயன்படுத்திவிடாதீர்கள். ஒன்றையாவது தொடாமல் ஒதுக்கி வைத்து, கடைசியில் அதில் சோதியுங்கள். மாதிரி சொன்னதும் அளந்ததும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் எண் 1க்குக் கிட்ட வந்தால் நல்லது. பூச்சியத்துக்குக் கீழே போனால் சராசரியைச் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம் என்று அர்த்தம். அப்படி வந்தால் எண்களைத் திருகிக்கொண்டிருக்காமல் தரவுக்குத் திரும்பிப் போங்கள்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதப் பயப்படும் பிள்ளைகள் நிறைய. நான் ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் தமிழில் யாருக்காவது வாயால் சொல்லிப் பார்ப்பேன். தடுக்கிய இடம் எனக்கே விளங்காத இடம். அது விளங்கிய பிறகு ஆங்கிலம் அவ்வளவு கஷ்டமில்லை. செய்முறை அத்தியாயத்தை மட்டும் வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து எதை ஏன் செய்தோம் என்பது நினைவில் நிற்காது.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த மட்டங்களின் பூச்சியம் எது?" படத்தைக் காட்டினேன். திருத்தங்கள் முடித்து நான்கு பிரதி கட்டினேன். அதோடு இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி கமக்காரர் அமைப்புக்குக் கொடுத்தேன், நேரத்தை மணித்தியாலத்திலும் நீர்மட்டத்தை அவர்கள் கோலில் வாசிக்கும் அடியிலும் போட்டு.