எடை குறைந்த ஸ்ட்ரோலர்: கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

எடை குறைந்த ஸ்ட்ரோலர்கள் (குழந்தையை வைத்துத் தள்ளிச் செல்லும் வண்டிகள்) பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ வரை இருக்கும்; ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் எடையைவிட, ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடித்துத் தூக்க முடிகிறதா என்பதே அன்றாடப் பயன்பாட்டுக்கு முக்கியம். ஆகவே கடையிலேயே மடித்து, விரித்து, பூட்டு ‘டக்’கென்று விழுகிறதா என்று பார்த்து, நான்கைந்து படிகளாவது தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

முதல் 6 மாதங்கள் வரை, அதாவது தலை நன்றாக நிற்கும்வரை, இருக்கை ஏறக்குறைய படுக்கையாகச் சாய வேண்டும். நிமிர்ந்தே இருக்கும் வகை வண்டிகள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அந்த வயதுக்கு ஏற்றவை அல்ல. இரு தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களுக்கு இடையே என ஐந்து இடங்களில் பிடிக்கும் பெல்ட் அவசியம். சிறிய சக்கரங்கள் வழவழப்பான தரையில் அருமையாக ஓடினாலும், குண்டும் குழியுமான சாலையில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் என்பதால், நீங்கள் அதிகம் நடக்கும் பாதையை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுங்கள்.

கைப்பிடியில் கனமான பையை மாட்டினால், இவ்வளவு லேசான வண்டி, குழந்தையைத் தூக்கிய அந்த நொடியிலேயே பின்பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடும். சாமான்களுக்கு இருக்கையின் அடியில் உள்ள கூடைதான் சரியான இடம், அதிலும் இருக்கையைச் சாய்த்த நிலையிலும் அதற்குள் கை நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.