வாரண்டியை இழக்காமல் ஃபோர் பை ஃபோர் வண்டியை மாற்றியமைக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வட்டாரத்தில் ஃபோர் பை ஃபோர் வண்டிகள் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் வண்டிகள்) பெருகிய பிறகு, புது வண்டியோடு பட்டறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒரே விதமான பிழைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மஹிந்திராவின் பழைய கமாண்டர், மேஜர் ஜீப் வண்டிகளின் காலத்தில் எங்கள் தலைமுறை கூசாமல் செய்து பழகியவைதான் அவை. அந்த வண்டிகளில் கணினி கிடையாது. எங்கள் கைக்கு வரும்போது வாரண்டியும் முடிந்திருக்கும். அதனால் நட்டம் பெரிதாகத் தெரியவில்லை. இன்று அப்படி அல்ல. சர்வீஸ் தேதியைத் தவறவிடாதீர்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள் என்பன போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, விவரம் தெரிந்தவர்களே தடுமாறும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்கச் சட்டத்தை நம்புவது

"வெளியே வாங்கிய பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று கம்பெனிதானே நிரூபிக்க வேண்டும்?" என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்கக் காணொளிகளில் கேட்டது அது. அங்கே 1975இல் இயற்றப்பட்ட மேக்னுசன்–மாஸ் சட்டத்தின் அடிப்படையில் அவர்கள் அப்படிப் பேசுகிறார்கள். அதற்கு நிகரான தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இங்கே நமக்குக் கையிலிருப்பவை, வண்டியோடு வந்த வாரண்டிக் கையேட்டின் நிபந்தனைகளும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் குறையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அந்த உத்தரவு மேல்முறையீட்டுக்குப் போனது என்பதையும், அது பழுதுபார்ப்பதைப் பற்றியதே தவிர மாற்றியமைப்பதைப் பற்றியதல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் அதிலுள்ள நியாயத்தை வைத்தே நாம் வேலையைத் திட்டமிடலாம்: நாம் தொட்ட பாகம் எது, தொடாத பாகம் எது என்று பிரித்துக் காட்ட முடிந்தால், தொடாத பாகத்தின் மீதான கோரிக்கையை மறுப்பது எளிதன்று.

விற்பனையாளரின் வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்வது

ஷோரூமிலேயே பொருத்திக் கொடுத்ததால் எல்லாம் வாரண்டிக்குள் அடங்கும் என்று நினைப்பது தவறு. உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற துணைப் பாகத்துக்கு ஒரு பாக எண் இருக்கும். அது விலைப்பட்டியலில் அச்சாகி வர வேண்டும். ஷோரூம்காரர் வெளிக்கடையிலிருந்து வரவழைத்துத் தனிச் சீட்டில் பில் போட்டுத் தரும் பொருளுக்கு, அந்தச் சீட்டில் எழுதியிருப்பதற்கு மேல் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. "நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்று சொன்ன விற்பனைப் பிரதிநிதி, கோளாறு வரும் நாளில் வேறு நிறுவனத்தில் இருப்பார். சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட் ஒயரிலிருந்து மின்சாரம் எடுப்பது

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

காலடிப்பேட்டையைச் சேர்ந்த ஓர் இளைஞர் புது வண்டிக்கு லைட் பார் (கூடுதல் வெளிச்சத்துக்கான நீள விளக்குப் பட்டை) வாங்கினார். தெரிந்த கடை ஒன்றில், ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரின் மேலுறையைப் பிளேடால் சீவி, அதில் புது ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு ஒயர்தானே அண்ணா" என்று அவர் என்னிடம் பிறகு சொன்னார். வண்டி நின்றதோ எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தில். அடுத்த மழைக்காலத்தில் ஹைபீம் விட்டுவிட்டு எரிந்தது. பின்னர் மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கும் வந்து நின்றது. சர்வீஸ் சென்டரில் முன் பம்பரைக் கழற்றி, டேப் சுற்றிய ஒயர் இணைப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, முன்பக்க ஹார்னஸ் (ஒயர்த் தொகுப்பு), மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டுக்குமே வாரண்டி கிடையாது என்று கூறிவிட்டார்கள். அவர் சொந்தப் பணத்தில் மாற்றினார்; செலவு லைட் பாரின் விலையைப் போலப் பல மடங்கு.

கழற்றிய பழைய ஹார்னஸை நான் பிரித்துப் பார்த்தேன். மூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் தூரம் வரை, வெளியே எந்தக் குறையும் தெரியாத உறைக்குள், செம்பு இழைகள் பச்சைக் களிம்பு ஏறி, விரல் பட்டதும் பொடிந்தன. உப்பு ஈரம் மூட்டோடு நிற்பதில்லை; விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்கிடையே ஊர்ந்து போகிறது. ஒயரை வெட்டாமலே கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப்பைப் போட்டாலும் இதேதான் நடக்கும். அதன் உலோக நாக்கு உறையைக் கிழித்தே செம்பைத் தொடுகிறது.

ஈரம் ஒருபுறம் இருக்கட்டும். 120 வாட் லைட் பார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட்டின் எச்4 பல்பு ஹைபீமில் 60, லோபீமில் 55 வாட்; அதற்கு 5 ஆம்பியர் போதும். அந்த அளவுக்குக் கணக்கிட்டுப் போட்ட ஒயரில் கூடுதல் சுமையை ஏற்றினால் ஒயர் சூடாகும். விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே கண்காணிக்கும் வண்டிகளில், பெட்டி அதைக் கோளாறு என்று பதிந்துகொள்ளும். அதைவிட ஆபத்தானது, கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும், ஒன்றோடொன்று முறுக்கிய கேன் ஒயர் இணையை வேறு ஏதோ ஒயர் என்று எண்ணிச் சீவுவது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் இடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும், ஏனெனில் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருக்கின்றன. அந்தச் சமநிலை கெட்டால் ஏபிஎஸ், எஞ்சின், மீட்டர் என்று ஒன்றோடொன்று பேசும் எல்லாப் பெட்டிகளும் தடுமாறும். அப்போது விளக்குக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் சர்வீஸ் சென்டரில் வாதிட முடியாது; தொடர்பை நீங்களே உண்டாக்கிவிட்டீர்கள்.

செய்ய வேண்டிய முறை கடினமானதல்ல. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி ஒயர் எடுங்கள்; முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். 40 ஆம்பியர் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒயர் முனையின் உலோக லக்கை முறையாகக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பிடிக்க வைத்து) அதன் மேல் உள்ளே பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை, டாஷ்போர்டில் தனி சுவிட்ச்: 120 வாட் பாருக்கு இவ்வளவுதான் தேவை. எர்த் ஒயரை வண்டியின் உடலில் உள்ள எர்த் போல்ட்டில் கொடுங்கள். சில புதிய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனை மீது மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. நேரே அந்த முனையில் மாட்டினால் சென்சார் அந்தச் சுமையைக் காணாது, சார்ஜ் கணக்குத் தவறும். கம்பெனி ஒயரில் ஓர் உறையைக்கூடச் சீவக் கூடாது. ஹைபீமோடு சேர்ந்து எரிய வேண்டும் என்றால், ஒயரை வெட்டாமல் ஹெட்லைட் கப்ளருக்கும் பல்புக்கும் இடையே செருகும் ஆயத்த ஹார்னஸ் கிடைக்கிறது. பொதுச் சாலையில் அந்த விளக்கை மூடி போட்டே வைத்திருங்கள். எதிரே கன்டெய்னர் லாரி ஓட்டி வருபவரின் கண்ணும் முக்கியம்.

சர்வீஸுக்கு விடும் முன் லைட் பாரைக் கழற்றி ஒளித்து வைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. பாரைக் கழற்றலாம், சீவிய உறையை ஒட்ட முடியாது. மறைத்ததாகத் தெரிந்த பிறகு உங்கள் நியாயமான கோரிக்கையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

டயரைப் பெரிதாக்கிவிட்டு மீட்டரை நம்புவது

245/75 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர். அதன் இடத்தில் 285/75 ஆர்16 போட்டால் 834 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 86இல் ஓடும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். கிலோமீட்டர் கணக்கில் சர்வீஸ் விடுகிறவர்கள் தங்களை அறியாமலே தாமதமாக விடுகிறார்கள். கிளட்ச், வீல் பேரிங், ஸ்டியரிங் மூட்டுகள் மீதான கோரிக்கை இதில் பலவீனப்படும். உங்கள் மாடலின் வேறொரு வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதையும் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வண்டியை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துவது (லிஃப்ட்)

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி, அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். வண்டியின் உயரம் அதற்கு உடனே காரணமாகக் காட்டப்படும். கழற்றிய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஈசியூ ரீமேப்

எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றும் இந்த வேலை, வாரண்டி முடியும் வரை வேண்டாம்.

முன்பக்க இரும்புக் கம்பி

பம்பருக்கு முன்னால் மாட்டும் இந்தப் புல் பாருக்கு வாரண்டியைவிடச் சட்டமே முதல் தடை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைச் சுட்டி மத்திய அரசு 2017 டிசம்பரில் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. அதே பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கொன்றில், ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

மறுப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொண்டு திரும்புவது

"மாடிஃபை செய்த வண்டி, வாரண்டி இல்லை" என்று கவுன்டரில் சொன்னதும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். எந்தப் பாகம், எந்த நிபந்தனையின் கீழ், நீங்கள் செய்த எந்த மாற்றம் அதைக் கெடுத்தது என்ற மூன்றையும் ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதிக் கேளுங்கள். லைட் பார் பொருத்திய வண்டியில் கியர்பாக்ஸ் கோளாறுக்கு மறுப்பு வந்தால், அதை எழுத்தில் நியாயப்படுத்துவது அவர்களுக்கே கடினம்; பல வண்டிகளின் விஷயம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. முடியாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நமக்குச் சென்னை வடக்கு ஆணையம் இருக்கிறது. வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பொருத்தும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பாகங்களின் பில், ஜாப் கார்டு நகல், எழுத்தில் வந்த மறுப்பு ஆகிய நான்கையும் புகாரோடு இணையுங்கள்.