அலக்நந்தாவை அடியிலிருந்து மேலே வரைவது எப்படி

ஆற்றின் படம் வரையச் சொன்னால் பெரும்பாலோர் மலையில் ஒரு புள்ளியை வைத்துக் கீழ்நோக்கி இழுக்கிறார்கள். சமவெளி ஆற்றுக்கு அது பரவாயில்லை. இமயமலையில் சரிப்படாது, ஏனென்றால் உச்சியில் நூறு ஓடைகள் இருக்கின்றன, எதிலிருந்து தொடங்குவது என்பதே தெரியாது. அடியிலிருந்து ஏறினால் ஒவ்வொரு கூடுதுறையிலும் இரண்டே வழிதான், ஒன்று தாயாறு, மற்றது துணையாறு. உத்தராகண்ட் மலைகளில் ஓடும் அலக்நந்தாவுக்கு அந்த அடி தேவப்பிரயாகை. பாகீரதி வந்து கலந்து, கங்கை என்ற பெயர் தொடங்கும் இடம் அது.

வரையும் முன் ஒரு சொல் விஷயம். வந்து சேர்வது துணையாறு, பிரிந்து போவது கிளையாறு. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் கிளையாறு. அலக்நந்தாவில் வந்து சேரும் மந்தாகினியைக் கிளையாறு என்று எழுதினால் தண்ணீர் தலைகீழாக ஓடுகிறது என்று பொருளாகிவிடும்.

தாளும் அளவும்

ஏ3 வரைபடத்தாள் ஒன்று, 2எச் பென்சில், 0.8, 0.4, 0.2 மி.மீ. பேனாக்கள், அரை மீட்டர் பருத்தி நூல், கணினியில் கூகுள் எர்த் புரோ (இலவசம்தான்). அளவுகோல் 1:5,00,000, அதாவது 1 செ.மீ.க்கு 5 கி.மீ. தாளைக் கிடைமட்டமாக வைத்தால் மொத்த வடிநிலமும் (ஆற்றுக்கு நீர் வந்து சேரும் பரப்பு) அடங்கும். 1:2,50,000 எடுத்தால் நான்கு தாள்களை ஒட்ட வேண்டியிருக்கும், ஒட்டிய இடத்தில் ஆறு உடையும்.

இடது கீழ் மூலையை வடக்கு 30.0°, கிழக்கு 78.5° என்று வையுங்கள். துணையாறுகளில் ஒன்றான பிண்டரின் தென்னெல்லை சற்றுக் கீழே இறங்கும், அதனால் அடியில் 2 செ.மீ. இடம் விட்டுவிடுங்கள். இங்கேதான் முதல் பிழை நடக்கும். ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கி.மீ., தாளில் 22.2 செ.மீ. ஆனால் இந்த அட்சத்தில் ஒரு பாகை தீர்க்கம் 96 கி.மீ. அளவுதான், அதாவது 19.2 செ.மீ. இரண்டையும் சமமாக எடுத்துக் கட்டம் போட்டால் ஆறு கிழக்கு மேற்காக இழுபட்டுப் படுத்துவிடும். பிறகு நீளத்தை அளந்தால் கணக்கு உதைக்கும்.

மூலையிலிருந்து வலப்புறமாக எத்தனை, மேலாக எத்தனை என்று இந்தப் புள்ளிகளைக் குறியுங்கள்:

- தேவப்பிரயாகை: 1.9 செ.மீ., 3.3 செ.மீ.
- ருத்ரபிரயாகை: 9.2, 6.4
- கர்ணபிரயாகை: 13.8, 5.8
- நந்தபிரயாகை: 15.7, 7.3
- விஷ்ணுபிரயாகை: 20.5, 12.4
- மாணா கிராமம்: 19.2, 17.1

கர்ணபிரயாகை ருத்ரபிரயாகையைவிடச் சற்றுத் தெற்கே இருப்பதைக் கவனியுங்கள். ஆறு அங்கே தெற்கே தொங்கி, பிறகு வடகிழக்காக ஏறிப் போகிறது. வரைபவர்கள் இதைத் தவறு என்று நினைத்துத் 'திருத்தி'விடுவார்கள். திருத்த வேண்டாம்.

கரையைத் தீர்மானித்தல்

இடக்கரை, வலக்கரை என்பது தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றால் கிடைப்பது. நீங்கள் மேல்நோக்கி வரைந்துகொண்டு போவதால் கை தானாகவே மாற்றிப் போடும். அதற்கு ஒரு எளிய சரிபார்ப்பு உண்டு. ஐந்து பிரயாகைகளில், அதாவது கூடுதுறைகளில், விஷ்ணு, நந்த, கர்ண ஆகிய மேல் மூன்றிலும் துணையாறு இடக்கரையில் சேர்கிறது. ருத்ர, தேவப் பிரயாகைகளில் வலக்கரையில் சேர்கிறது. உங்கள் படத்தில் இது மாறியிருந்தால் எங்கோ திரும்பிவிட்டீர்கள்.

இனி ஏறுங்கள். தேவப்பிரயாகையிலிருந்து ஸ்ரீநகர் வழியாக ருத்ரபிரயாகை. இது கட்வாலின் ஸ்ரீநகர், காஷ்மீருடையது அல்ல. ருத்ரபிரயாகையில் வடக்கே போகும் கோடு மந்தாகினி, கேதார்நாத்துக்கு மேலுள்ள சோராபாரி பனியாறு வரை போகும். அங்கிருந்த சிறு ஏரி உடைந்துதான் 2013 ஜூனில் கேதார்நாத் பாழானது. வழியில் சோன்பிரயாகையில் வாசுகி கங்கா சேர்கிறது. கர்ணபிரயாகையில் பிண்டர். இது குமாவூன் பக்கமிருந்து 100 கி.மீ.க்கு மேல் ஓடி வருகிறது. தாளில் 20 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் வளைவுகளை விழுங்கிவிட்டீர்கள். பிண்டாரி பனியாறு 80° கிழக்குக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருப்பதால் பழைய தாள்களில் அது இரண்டாக வெட்டுப்படும்.

நந்தபிரயாகையில் நந்தாகினி. மந்தாகினிக்கும் இதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், பெயரெழுதும்போது நிதானம் தேவை. அதற்கு மேலே கிழக்கிலிருந்து பிரஹி கங்கா சேர்கிறது. அமெரிக்க ராணுவம் வெளியிட்ட 1950களின் யு502 வரிசை நிலப்படங்கள் 1:2,50,000 அளவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை அடிப்படையாக எடுத்தவர்களுக்கு இந்த பிரஹி கங்காவில் ஒரு ஏரி தென்படும். அது கோஹ்னா ஏரி. 1893இல் மலைச்சரிவு ஆற்றை அடைத்து உண்டானது, 1894 ஆகஸ்டில் உடைந்து ஸ்ரீநகர் வரை அடித்துக்கொண்டு போனது, மிச்சமிருந்ததும் 1970 ஜூலை வெள்ளத்தில் போய்விட்டது. ஏரியை வரைய வேண்டாம். புள்ளிக்கோட்டில் எல்லையைக் காட்டி 1893, 1970 என்ற இரண்டு ஆண்டுகளையும் எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும்.

விஷ்ணுபிரயாகையில் தவுலிகங்கா. நீதி கணவாய்ப் பக்கமிருந்து வருகிறது. மலாரியில் கிர்தி கங்காவும், ரைணியில் ரிஷிகங்காவும் அதில் சேர்கின்றன. 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து வெள்ளமானது இந்த ரிஷிகங்காவில்தான். பத்ரிநாத்தில் வலக்கரையில் சேரும் சிற்றோடைக்கும் ரிஷிகங்கா என்றே பெயர். போதாததற்கு குமாவூனில் காளி ஆற்றோடு தவாகாட்டில் சேரும் இன்னொரு தவுலிகங்காவும் உண்டு. பெயரைத் தட்டச்சு செய்து தேடினால் தேடுபொறி எதைக் காட்டும் என்று சொல்ல முடியாது. பெயரைப் பிடித்துப் போகாதீர்கள், பள்ளத்தாக்கைப் பிடித்துப் போங்கள். எந்தப் பெயருக்கும் பக்கத்தில் அது சேரும் ஊரின் பெயரையும் எழுதிவிடுங்கள்.

அங்கிருந்து வடக்கே, கோவிந்த்காட்டில் இடக்கரையில் புயூந்தர் கங்கா; மலர்ப் பள்ளத்தாக்கின் புஷ்பாவதி இதன் வழியாகத்தான் வருகிறது. மாணாவில் சரஸ்வதி. மாணா கணவாய் 31°க்கு வடக்கே இருப்பதால் தாளின் மேல்விளிம்பில் இதற்கு இடம் ஒதுக்க மறக்காதீர்கள்.

இடப்பெயர் எழுதும்போது ஒரு வசதி: தேவப்பிரயாகை ஆழ்வார் பாடிய திருக்கண்டம் என்னும் கடிநகர், பத்ரிநாத் திருவதரி, ஜோஷிமத் பெரும்பாலோர் கொள்வதுபோல் திருப்பிரிதி. ஒரே ஆற்றங்கரையில் மூன்று திவ்விய தேசங்கள். தமிழில் பழைய பெயர் இருக்கும்போது அதையும் சிறு எழுத்தில் சேர்க்கலாம்.

ஊற்றுக்கண்

மாணாவில் வடக்கே போவது சரஸ்வதி, மேற்கே திரும்புவதுதான் அலக்நந்தா. பத்து கி.மீ. சுமாருக்குப் போனால் சதோபந்த், பகீரத் கரக் என்ற இரண்டு பனியாறுகளின் முகம் வரும். இரண்டின் மேலும் கல்லும் மண்ணும் மூடியிருப்பதால் செயற்கைக்கோள் படத்தில் பனி வெள்ளையாகத் தெரியாது; சாம்பல் நிற ஆற்றுப்படுகை போலவே இருக்கும். அதை ஆறு என்று எண்ணி மேலே வரைந்துகொண்டே போனால் சௌகம்பா மலையில் முட்டிக்கொள்வீர்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பார்க்கும் வசதியைத் திறந்து அக்டோபர், நவம்பர் மாதப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் மேகம் மறைக்கும், வசந்தத்தில் பனி மூடும். சரிவான பனிச்சுவர் முடிந்து, ஒரே கால்வாயாகத் தண்ணீர் வெளிவரும் இடத்தில் கோட்டை நிறுத்துங்கள். சௌகம்பாவின் மறுபக்கத்தில் கங்கோத்ரி பனியாறு, அதாவது பாகீரதியின் பிறப்பிடம். தேவப்பிரயாகையில் சேரும் இரண்டும் ஒரே மலையின் இருபுறமும் பிறந்தவை என்பது படத்தை வரைந்து முடித்தால்தான் உறைக்கும்.

நூல் வைத்துச் சோதித்தல்

முன்பு குறித்த 6 புள்ளிகளையும் பனியாற்று முகத்தையும் நேர்கோடுகளால் இணைத்தால் 29 செ.மீ., ஏறத்தாழ 145 கி.மீ. ஈரநூலை உங்கள் கோட்டின் வளைவுகளில் படியவைத்து அளந்தால் 38 செ.மீ. பக்கம் வர வேண்டும், ஏனென்றால் ஆற்றின் நீளம் 190 முதல் 195 கி.மீ. 33 செ.மீ.தான் வந்தது என்றால் வளைவுகளை நேராக்கியிருக்கிறீர்கள். 45 வந்தால் சாலையை வரைந்திருக்கிறீர்கள். பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை ஆற்றையொட்டியே போவதால் இது அடிக்கடி நடப்பதுதான்.

பென்சில் கோடு தேறியபின் மையிடுங்கள்: தாயாறு 0.8, பிரயாகைகளில் சேரும் துணையாறுகள் 0.4, மற்றவை 0.2. இந்த அளவுகோலில் 0.8 மி.மீ. என்பது 400 மீட்டர் அகலம். ஆறு அவ்வளவு அகலம் இராது. எனவே கோட்டின் தடிமன் தரத்தைக் காட்டுகிறதே தவிர அகலத்தை அல்ல என்று ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் அகலத்தை வைத்து நீரளவை ஊகிப்பதும் தப்பு. லாம்பகர் தடுப்பணையில் மின்னுற்பத்திக்காகத் தண்ணீர் சுரங்கத்துக்குள் போவதால் அதற்குக் கீழே விஷ்ணுபிரயாகை நெருங்கும்வரை ஆறு மெலிந்துதான் தெரியும்.

சரிவுப் படம்

தனித்தாளில் கிடையாக 1 செ.மீ.க்கு 10 கி.மீ., செங்குத்தாக 1 செ.மீ.க்கு 250 மீ. எடுங்கள். உயரம் 40 மடங்கு பெரிதாகிறது, அதைப் படத்திலேயே எழுதிவிடுங்கள். கூகுள் எர்த்தில் ஆற்றின்மேல் பாதை வரைந்து உயர விவரம் கேட்டால் ரம்பப்பல் மாதிரி ஒரு கோடு வரும். குறுகிய பள்ளத்தாக்கில் உயரத் தரவு கரைப்பாறையையும் சேர்த்துப் படிப்பதால் இப்படி. ஆறு மேடேறாது. ஆகவே கீழ்நோக்கி வரும்போது முந்தைய புள்ளியைவிடத் தாழ்ந்த எண்களை மட்டும் எடுத்து, மற்றவற்றை அடித்துவிடுங்கள்.

வந்த கோடு தேவப்பிரயாகையில் 470 மீ. அளவில் தொடங்கும். ருத்ரபிரயாகை 610 மீ. சுமார், இந்தப் பகுதியில் கி.மீ.க்கு 2 மீ. போலத்தான் ஏற்றம். பத்ரிநாத்துக்கும் விஷ்ணுபிரயாகைக்கும் நடுவில் 30 கி.மீ. தொலைவுக்குள் 1,600 மீட்டருக்கு மேல் விழுகிறது, கி.மீ.க்கு 50 மீட்டரைத் தாண்டும். இந்த முறிவு உங்கள் படத்தில் தெரியவில்லை என்றால் புள்ளிகளை வெகு தூரம் விட்டு எடுத்திருக்கிறீர்கள். அங்கே மட்டும் 2 கி.மீ.க்கு ஒன்று எடுங்கள். ஊர்ப்பெயரோடு அச்சிட்ட உயரங்களை அப்படியே எடுக்க வேண்டாம். அவை கோயிலின் அல்லது கடைத்தெருவின் உயரம், தண்ணீர் அதற்கு வெகு கீழே ஓடும்.

இதே முறையில் பாகீரதியை வரைய விரும்பினால் டெஹ்ரியில் மட்டும் நிற்க வேண்டும். பிலங்கனா சேர்ந்த கூடுதுறை 260.5 மீட்டர் உயர அணையின் நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிக் கிடக்கிறது, புதிய படத்தில் இரண்டு நீல விரல்கள்தான் தெரியும். அணைக்கு முந்தைய யு502 தாளிலிருந்து பழைய படுகையை எடுத்து நீர்த்தேக்கத்தின் மேல் புள்ளிக்கோடாகப் போட்டு, நீளத்தை அந்தப் புள்ளிக்கோட்டின் வழியாகவே அளங்கள்.