பேக்கப் எடுக்கும்போதெல்லாம் பாதிப் படங்கள் மறுபடி நகலான பிரச்சினை

லினக்ஸ் கணினியில் இருக்கும் சுமார் 18,000 குடும்பப் படங்களை, ஒரு பழைய வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு ஆர்சிங்க் (rsync) என்ற நிரல் மூலம் நகலெடுத்து வருகிறேன். கோப்பின் அளவோ மாறிய நேரமோ இரண்டு பக்கமும் வேறுபட்டால்தான் அது மறுபடி நகலெடுக்கும். புதிய படம் ஒன்றுகூட சேர்க்காத வாரத்திலும் கிட்டத்தட்ட 9,000 படங்கள் மறுபடி நகலாயின. அதென்ன சரியாகப் பாதி?

டிஸ்க் சாகப் போகிறது என்று பயந்து முதலில் கேபிளை மாற்றினேன். பலனில்லை. அப்புறம் இரண்டு பக்கமும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டேன்; ஓர் இரவு முழுக்க ஓடியது. ஒரு பைட்கூட மாறவில்லை. கோப்பு அனுமதிகளை மாற்றியதில் இன்னொரு நாள் வீண்.

கடைசியில், எதையும் நகலெடுக்காமல் காரணத்தை மட்டும் காட்டும்படி ஆர்சிங்க்கை ஓட்டினேன். எல்லா வரியிலும் 'டி' (t) என்ற எழுத்து மட்டும் இருந்தது. நேரம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கணினியில் 10:41:37 என்றிருந்த படம் டிஸ்க்கில் 10:41:36. ஆனால் நேரம் 38 விநாடி என்று முடியும் படத்துக்கு அது மாறவே இல்லை!

டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் முறை ஃபேட்32 (FAT32) என்ற பழைய வகை. அது கோப்பு மாறிய நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். ஒற்றைப்படை விநாடிகளுக்கு அங்கே இடமே கிடையாது. ஆர்சிங்க்கின் 'மாடிஃபை விண்டோ' (எவ்வளவு நேர வித்தியாசத்தை விட்டுவிடலாம் என்று சொல்லும்) தேர்வை 1 என்று வைத்தேன். ஒரு விநாடி வித்தியாசத்தை அது பொருட்படுத்தாது. அடுத்த ஓட்டத்தில் நகலானவை பூஜ்யம். நிம்மதி.

அந்தச் செக்சம் பட்டியலை அழிக்கவில்லை, படங்களோடே வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் கெட்டுப்போன படம் தெரிந்துவிடும்.