கண்டதைப் பகிரும்போது சறுக்கும் இடங்கள்

பங்குனி பிறந்துவிட்டால் இயற்கை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் குவியத் தொடங்கிவிடும். வேம்பு பூக்கிறது, சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது, குயில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை வேறு. மொட்டைமாடியில் நின்றவர், ஏரிக்கரையில் நடந்தவர், பால் வாங்கப் போனவர் என ஆளுக்கொன்று போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இப்படிப் போடுவதில் பாதி யாருக்கும் பயன்படாமல் போகிறது. சிலவற்றால் அந்த உயிருக்கே கேடு வருகிறது. இரண்டையும் தவிர்ப்பது ஒன்றும் கடினமில்லை.

பலரும் செய்யும் முதல் தவறு, சாதாரணமானதை விட்டுவிடுவது. காகம், மைனா, மணிப்புறா எல்லாம் எதற்கு, அரிதாக ஏதாவது வந்தால் சொல்வோம் என்று இருந்துவிடுகிறோம். பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் இறக்கை நீலமாய் மின்னும், அதே பறவைதான். பேருந்தில் போகும்போது பார்த்துப் பழகியதால் யாரும் அதைப் பெரிதாகக் குறிப்பதில்லை. ஆனால் 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவரும் பறவைகளில் ஒன்றாகப் பனங்காடையைச் சொன்னது. அதன் அபாய நிலையை உலக அளவில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்த முடிவுக்கு அடிப்படை, ஆயிரக்கணக்கான சாதாரண ஆட்கள், பார்த்த பறவைகளைப் பட்டியலிடும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் சலிக்காமல் எழுதிவைத்த பட்டியல்கள். சிட்டுக்குருவியும் இப்படித்தான். செல்போன் கோபுரத்தால் குருவியே அழிந்துவிட்டது என்று ஒவ்வொரு மார்ச் 20-ஆம் தேதியும் ஒரு செய்தி சுற்றும். நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்று 2020-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. உங்கள் தெருவில் என்ன நிலை என்று யாராவது கேட்டால், "முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு" என்பதைத் தாண்டி நம்மிடம் பதில் இருப்பதில்லை. யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, இந்தப் பருவத்துக்கே உரியது. வலசைப் பறவைகள் வரும்போது கொண்டாடுகிற நாம், அவை போவதைக் கவனிப்பதில்லை. செப்டம்பரில் முதல் பழுப்புக் கீச்சானைப் பார்த்தவர் உடனே குழுவில் அறிவிப்பார். அதே கீச்சான் உங்கள் தெருமுனை முள்வேலியை விட்டு எந்த வாரம் கிளம்பியது? தகைவிலான்கள் மார்ச், ஏப்ரலில் கம்பிகளில் வரிசையாகக் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள், கடைசியாகக் கம்பி நிறைந்திருந்தது எந்தத் தேதி? சோளக்குருவிக் கூட்டமும், வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் வாலாட்டிகளும் கோடைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகின்றன. "முதல் நாள்" என்பது ஒருமுறை கண்ணில் பட்டால் கிடைத்துவிடும். "கடைசி நாள்" அப்படிக் கிடைக்காது, அடுத்தடுத்த நாள்களிலும் பார்த்து, இல்லை என்று தெரிந்தால்தான் கிடைக்கும். இதற்காகத்தான் இபேர்டில் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த பறவைகள் அனைத்தையும் குறித்தீர்களா என்று ஒரு கேள்வி வருகிறது. ஆமாம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று பொருளாகிறது. கால்மணி நேரம் மாடியில் நின்று எழுதும் முழுப் பட்டியலுக்கு, ஒரு நாள் முழுக்க அலைந்து எடுத்த ஒரேயொரு படத்தைவிட மதிப்பு அதிகம். பலர் காகத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று அழுத்திவிடுகிறார்கள். கணினி என்ன புரிந்துகொள்ளும்? அந்த ஊரில் காகமே இல்லை என்றுதான்.

எண்ணிக்கை விஷயத்தில் "நிறைய", "கூட்டமாக" என்று எழுதுவதும் பெரிதாக உதவாது. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில் நீலவரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேற்கு மலைகளிலிருந்து கிழக்கே சமவெளி நோக்கி நகரும். அப்போது "ஆயிரக்கணக்கில் பார்த்தேன்" என்று எழுதுவதற்குப் பதிலாக, எதிரே இருக்கும் இரண்டு மரங்களுக்கு நடுவே 5 நிமிடத்தில் எத்தனை கடந்தன, எந்தத் திசையில் போயின என்று எண்ணிப் போடுங்கள். இன்னொரு ஊரில் இன்னொருவர் அதேபோல் எண்ணியிருந்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

அடுத்தது இடமும் நேரமும். "ஏரியில் பூநாரை!" சரி, எந்த ஏரி? என்றைக்கு? செயலியில் பதிவேற்றும்போது இடத்தைச் சரிபார்க்காமல் விட்டால், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பதிவேற்றிய பூநாரை வேளச்சேரி அடுக்குமாடியின் மேல் போய் நிற்கும். பள்ளிக்கரணை போன்ற பரந்த சதுப்பு நிலத்தில் ஊர்ப்பெயர் மட்டும் போதாது, எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள் என்பதும் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதற்குள் இருக்கும் தேதி, இட விவரங்கள் எல்லாம் கழன்றுவிடும். அதனால் போன வாரப் படத்தை இன்று அனுப்பினால் இன்று எடுத்ததாகவே எல்லோரும் நினைப்பார்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், ஊர், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. கேமரா வைத்திருப்பவர்கள் அதன் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் பழைய தேதிக்குப் போய், மார்கழிப் பறவையாகப் பதிவான சித்திரைப் பறவைகள் ஏராளம்.

பெயர் சொல்வதில் வரும் சறுக்கல்கள் தனி ரகம். இந்த மாதங்களில் "ஏதோ பருந்து மாதிரி, உடம்பெல்லாம் புள்ளி, ஐடி ப்ளீஸ்" என்று ஒரு படம் கட்டாயம் வரும். முக்கால்வாசி நேரம் அது பெண் குயில். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் பட்டையும் கொண்டது. ஊரெல்லாம் கேட்கக் கூவுவது கருப்பான ஆண். பெண் குயிலின் குரல் அவசரமான "கிக் கிக் கிக்" மட்டுமே. அக்காக்குயில் இன்னும் மோசமாக ஏமாற்றும். நிறம், வால் பட்டை, பறக்கும் விதம் எல்லாமே வல்லூறைப் போலத்தான். அலகைப் பாருங்கள். வல்லூறுக்குக் கொக்கி போல வளைந்திருக்கும், அக்காக்குயிலுக்கு அப்படி இருக்காது. அலகு தெரியாத படமென்றால் இரண்டில் ஒன்று என்று எழுதிவிட்டுப் போகலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இபேர்டிலேயே "இதுவோ அதுவோ" என்று குறிக்க வழி இருக்கிறது. எல்லா உயிர்களையும் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் இனம் தெரியாவிட்டால் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்ளலாம். நாணல் கதிர்க்குருவிகள் விஷயத்தில் பழுத்த ஆட்களே அப்படித்தான் நிறுத்துகிறார்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி அருமையான துணை. ஆனால் "மெர்லின் சொன்னது" என்பதைச் சாட்சியாக வைக்காதீர்கள். கரிச்சான் வல்லூறைப் போலவே கத்தும். மனிதரையே ஏமாற்றும் அந்தக் குரல் செயலியை ஏமாற்றாதா? அது ஒரு பெயரைக் காட்டினால் தலையைத் தூக்கித் தேடிப் பார்க்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களுக்கும் இதே கதைதான். மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்துத் தெளிவாக்கினால், அது இல்லாத இறகையும் கோட்டையும் தானே வரைந்து வைக்கும். பறவை நோக்கர்கள் "ரெக்கார்ட் ஷாட்" என்று சொல்லும் மங்கல் படமே போதும். நிறமும் உருவமும் உண்மையாக இருந்தால் அதைவைத்துப் பேச முடியும்.

பாம்புப் படத்தை மட்டும் வேறு மாதிரிதான் கையாள வேண்டும். கோடை இரவுகளில் கட்டுவிரியன் வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலிகூடத் தெரியாது. அதே சுவரோரத்தில் ஊரும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பும் வெள்ளைப் பட்டைகளோடு அப்படியே இருக்கும். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்துப் பக்கம் அழுத்தமாகவும் வால் பக்கம் மங்கியும் இருக்கும், விரியனுக்குப் பொதுவாகத் தலைகீழ் என்பார்கள். படத்தை வைத்துச் சாவகாசமாகப் பேச இது உதவும். வீட்டுக்குள் நிற்கும் பாம்பின் பக்கத்தில் போய்ப் பட்டை எண்ணுவதற்கு உதவாது. தள்ளி நின்று எடுத்த படம் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். கடி பட்டிருந்தால் குழுவில் பெயர் கேட்டுக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதுவரை இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லவே கூடாத இடங்களும் உண்டு. நட்சத்திர ஆமையைக் கரட்டில் பார்த்த மகிழ்ச்சியில் கூகுள் மேப் பின்னோடு படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ப்புக்காகக் கள்ளத்தனமாகக் கடத்தப்படும் ஆமை அது. வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையில் (CITES), மிகக் கடுமையான தடைக்குரிய முதல் இணைப்புக்கு 2019-இல் அதை ஏற்றும் அளவுக்குக் கடத்தல் நடந்தது. மண்ணுளிப் பாம்புக்கு அதிர்ஷ்டம், மருந்து என்று ஏதேதோ கதை கட்டி லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். ஆந்தைகளை மாந்திரீகத்துக்குப் பிடிக்கிறார்கள். தேவாங்கு, அழுங்கு பற்றிச் சொல்லவே வேண்டாம். 200 பேர் இருக்கும் குழுவில் எல்லோரும் ஆர்வலர்கள்தான் என்று எந்த நம்பிக்கையில் இருக்கிறோமோ தெரியவில்லை. இவற்றுக்கு மாவட்டப் பெயரே போதும். அபாயப் பட்டியலில் இருக்கும் பல இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்து, பக்கத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ காட்டும். பட்டியலில் இல்லாதவற்றுக்கும் நீங்களே மறைத்துவைக்கலாம். பலர் கவனிக்காத ஒன்று: படத்தை வாட்ஸ்அப்பில் "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் இட விவரம் உள்ளேயே இருக்கும். தரம் குறையக் கூடாதென்று அப்படி அனுப்பியவர், தெரியாமலே ஆமையின் முகவரியையும் அனுப்பிவிடுகிறார்.

கூடுகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும், இளவேனிலில் இன்னும் கூடுதலாக. ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் கூட்டை முற்றத்துக் கொடிக்கம்பியிலேயே பார்க்கலாம். சிலந்தி வலையால் ஒட்டிய சருகும் மரப்பட்டைத் துணுக்கும், ஏதோ ஒட்டடை தொங்குவது போலத் தெரியும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் சின்னக் கூரை. குப்பை போலத் தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. நாம் தினமும் போய் நின்று, படம் சரியாக வரவில்லை என்று இலையை விலக்கி, செடியை ஒடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. நாம் எங்கே அடிக்கடி எட்டிப் பார்க்கிறோம் என்பதைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அது வராவிட்டாலும், நிழல் போன சின்னான் கூட்டில் சித்திரை வெயிலுக்கு முட்டையும் குஞ்சும் தாங்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் "வேட்டை" என்ற வரையறைக்குள்தான் வருகிறது. பல குழுக்களில் கூட்டுப் படமே கூடாதென்று விதி வைத்திருக்கிறார்கள். கறாரான விதிதான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. கூடு கட்ட நார் எடுத்துப் போகிறது, வாயில் புழுவோடு பறக்கிறது என்று எழுதினாலே இனப்பெருக்கத் தகவல் பதிவாகிவிடும், கூட்டைக் காட்ட வேண்டியதில்லை. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தை அது சண்டைக்கு அலைவதில் கழிக்கும்.

அப்புறம், "குஞ்சைக் காப்பாற்றினோம்" படங்கள். இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக, தரையில் தத்தித் தத்தி நிற்கும் குஞ்சு பெரும்பாலும் தொலைந்துபோன குஞ்சு இல்லை. பறக்கப் பழகுகிறது, தாயும் தந்தையும் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, வண்டி பயம் இருந்தால் அருகிலுள்ள புதரிலோ கிளையிலோ தூக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா சொல்வது. இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், கூடு எட்டினால் திரும்ப வைக்கலாம். அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பாலும் சோறும் ஊட்டி, அதைப் படமெடுத்துப் போட்டால் நூறு இதயம் விழும். பறவைக்குப் பால் செரிக்காது.

குழுவில் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த ஒருவர் கொண்டலாத்தியைப் பார்த்து மரங்கொத்தி என்று எழுதினால், "இதுகூடத் தெரியாதா" என்று கேட்பவரால் அவர் அடுத்த படத்தைப் போடவே மாட்டார். கொண்டலாத்தி என்று சொல்லி, கொண்டையையும் வளைந்த அலகையும் காட்டினால் போதுமே. திருத்தப்பட்டவர் செய்தியை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினால், அதே ஐயம் உள்ள வேறு நாலு பேருக்கும் உதவும்.

பழைய நோட்டும் படமும் வைத்திருப்பவர்கள் அவற்றையும் விட்டுவிட வேண்டாம். பத்து வருடத்துக்கு முந்தைய பட்டியலானாலும், நாளும் இடமும் உறுதியாகத் தெரிந்தால் அந்தத் தேதியிலேயே இபேர்டில் ஏற்றலாம். தேதி நினைவில் இல்லாமல் குத்துமதிப்பாகப் போடுவதானால் அதைக் குழுவில் கதையாகச் சொல்லுங்கள், பதிவாக ஏற்ற வேண்டாம்.